மணலில் பிழைத்த திராட்சை

மணல் காட்டைச் சொத்து என்று சொன்னால் எங்க பக்கம் சிரிப்பாங்க. தேரி ஓரத்தில் எனக்கு இருக்கிற நாலு ஏக்கரும் அந்த ரகம்தான். ஆடிக் காத்துக்கு வரப்பு இடம் மாறும். மேட்டுப் பாத்தியில் விட்ட தண்ணி கடைசிப் பாத்திக்குப் போறதுக்குள்ள பாதி காணாமப் போயிரும். அதனால மணலில் விவசாயம் என்று எங்கே பேச்சு வந்தாலும் கொஞ்சம் நின்று கேட்டுட்டுத்தான் போவேன்.

என் தங்கச்சி மகன் ஹங்கேரி நாட்டில் கெச்கெமேட் என்கிற ஊரில், கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பி, “மாமா, இங்கயும் உங்க காடு மாதிரி வெறும் மணல்தான். ஆனா பூரா திராட்சை போட்டிருக்காங்க” என்று எழுதியிருந்தான். முருங்கை, பனை, கொஞ்சம் முந்திரி தவிர வேற எதையும் நம்பி வைக்க முடியாத மண்ணில் பிழைப்பு நடத்துறவன் நான். மணலில் எப்படித் திராட்சை? அந்தக் கேள்வி விடலை. ஆறேழு மாசமா கிடைச்சதையெல்லாம் படிச்சேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுறேன்.

திராட்சை என்றால் அங்கே ஒயினுக்குத்தான் முதலிடம். நான் குடிக்கிற ஆள் இல்லை, குடியுங்க என்று சொல்லவும் வரலை. நமக்கு நெல் எப்படியோ, பல நூறு வருஷமா அவங்களுக்குத் திராட்சை அப்படி. வரி கட்டினது, கடன் வாங்கினது, பொண்ணு கட்டிக் கொடுத்தது எல்லாம் அதை வைத்துத்தான். அந்தக் கண்ணோட படிங்க.

முதல்ல இடம். ஹங்கேரிக்கு நடுவில் டான்யூப் ஆறு வடக்கே இருந்து தெற்கே ஓடுது. அதுக்குக் கிழக்கே திசா என்று இன்னொரு ஆறு, அதுவும் தெற்கேதான். ரெண்டுக்கும் இடையில் ஒரு பெரிய சமவெளி. பழைய காலத்தில் டான்யூப் கொண்டுவந்து கொட்டின மணலைக் காற்று அள்ளி அள்ளி மேடாகவும் பள்ளமாகவும் ஆக்கி வைத்த பூமி அது. கோடையில் 35 டிகிரிக்கு மேல் காயும். வருஷத்துக்கு ஏறக்குறைய 2000 மணி நேரம் வெயில். மழை 500, 550 மில்லிமீட்டர்தான். ஐரோப்பா என்றால் எப்பவும் குளிர் என்று நினைக்கிற நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியம். ஆனா பனிக்காலத்தில் அதே மணல் மைனஸ் 20 வரைக்கும் போகும். வெயிலுக்கும் தாங்கணும், உறைபனிக்கும் தாங்கணும்.

இந்தப் பகுதிக்குப் பெயர் கிஷ்குன்ஷாக். ‘குன்’ என்பது ஒரு இனத்தின் பெயர். குதிரையும் மாடும் வைத்துக்கிட்டு கிழக்கே புல்வெளியில் திரிந்த கூட்டம். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் துரத்த, இவங்க ஹங்கேரிக்கு வந்து நின்றாங்க. நாலாம் பேலா என்கிற அரசன் இடம் கொடுத்துக் குடியேற்றினான். ‘கிஷ்’ என்றால் சின்ன. சின்னக் குன் நாடு. திசாவுக்கு அந்தப் பக்கம் பெரிய குன் நாடு ஒன்றும் உண்டு.

(ஹங்கேரி மொழியில் திராட்சைக்கு ‘சோலோ’ என்று பெயர். நம்ம சோலை மாதிரி காதில் விழுதேன்னு யாரும் கொண்டாடக் கிளம்ப வேண்டாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா குடும்பப் பெயரை முன்னாடி போட்டு, சொந்தப் பெயரைப் பின்னாடி எழுதுற வழக்கம் அவங்களுக்கு உண்டு, நம்ம இனிஷியல் மாதிரி. கீழே வர்ற பெயர்களையும் அப்படியே எழுதியிருக்கேன்.)

இந்த குன் ஜனங்களுடைய நிலக்கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாம திராட்சைக்குப் போக மனசு வரலை. துருக்கியர் ஆட்சி ஏறக்குறைய 150 வருஷம் இருந்து 17ஆம் நூற்றாண்டு கடைசியில் போச்சு. அதுக்குள்ள அந்தச் சமவெளியில் பாதி ஊர்கள் காலி. அடுத்து வந்த ஹாப்ஸ்பர்க் அரசர் லியோபோல்டுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் வேணும். 1702இல், ஜனங்கள் குடியிருக்கிற பூமியையே, ஜெர்மானிய மதவீரர் சங்கம் ஒன்றுக்கு 5 லட்சம் ஃபோரிண்ட் விலைக்கு விற்றுட்டார். சுதந்திரமா இருந்தவன் ஒரே நாளில் அடுத்தவன் பண்ணையாள். அவங்க சும்மா இருக்கலை. நாற்பது வருஷத்துக்கு மேல் மனுப் போட்டு, பணம் சேர்த்து, 1745 மே மாசம் மரியா தெரேசா மகாராணியிடம் தங்கள் நிலத்தைத் தாங்களே காசு கொடுத்து மீட்டாங்க. கூட 1000 குதிரை வீரர்களையும் கொடுத்தாங்க. யார் எவ்வளவு போட்டாங்களோ அதுக்குத் தகுந்த நிலம். போட முடியாதவனுக்கு இல்லை. அந்த நியாயத்தில் எனக்கு முழு சம்மதம் கிடையாது. ஆனாலும் சொந்த மண்ணை விலை கொடுத்து வாங்கினவன் அதை விடமாட்டான். அந்தப் பிடிவாதத்தை இந்தக் கதை முழுக்கப் பார்க்கலாம்.

மண் என்னவோ மணல்தான். ஆள் இல்லாத காலத்தில் அந்த வெளியெல்லாம் மாடு மேய்ந்தது. ஹங்கேரியின் சாம்பல் நிற மாடுகள், நீளக் கொம்பு, வியன்னாச் சந்தைக்கும் ஜெர்மன் ஊர்களுக்கும் கால்நடையாகவே ஓட்டிப் போய் விற்பாங்க. மந்தை மந்தையா மேய்ந்ததில் புல் போச்சு. புல் போனதும் மணல் எழுந்து நடக்க ஆரம்பிச்சது. வீட்டையும் பாதையையும் மூடுற ஓடும் மணல். 18ஆம் நூற்றாண்டு கடைசியில் அதைக் கட்டுப்படுத்த மரம் நட அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. சில ஊர்க்காரங்க மரத்தோடு திராட்சைக் கொடியும் ஊன்றினாங்க. திராட்சை வேர் ஆழமாப் போகும், மணலைப் பிடிக்கும்.

அந்தக் கொடியில் முக்கியமானது கடார்க்கா. கருப்புத் திராட்சை, மெல்லிசான தோல், தெற்கே இருந்து துருக்கியருக்குப் பயந்து ஓடிவந்த செர்பிய ஜனங்கள் கூட எடுத்துவந்த ரகம் என்று சொல்றாங்க. ஆனா பேர் எல்லாம் மலைக்காரங்களுக்குத்தான். டோக்காய் மலைச்சரிவில் விளையும் இனிப்பு ஒயினுக்கு அந்த நாட்டுத் தேசிய கீதத்திலேயே இடம் உண்டு. எகர், வில்லானி, செக்சார்ட் எல்லாம் மேட்டுப் பூமி. மணல் ஒயின் என்றால் கூலிக்காரன் குடிக்கிறது, புளிப்பில்லை, சாரமில்லை என்று ஒரு ஏளனம். அந்த ஏளனம் இன்னும் முழுசாப் போகலை.

இப்பத்தான் பூச்சி வருது.

அமெரிக்காவில் காட்டுத் திராட்சை வேரில் ஒரு அசுவினி உண்டு. கண்ணுக்கு மஞ்சள் புள்ளி மாதிரித் தெரியும். பெயர் பிலாக்சரா. அமெரிக்கக் கொடிக்கு அது பழகின சனியன், தாங்கிக்கும். ஐரோப்பியக் கொடிக்கு அது எமன். 1860களில் யாரோ கொண்டுவந்த அமெரிக்கச் செடியோடு பிரான்சில் இறங்கிச்சு. வேரில் உட்கார்ந்து உறிஞ்சும், வேர் முடிச்சு முடிச்சா வீங்கும், அழுகும். மேலே பார்த்தா மூணு நாலு வருஷத்தில் கொடி சும்மா சும்பிப் போய்ச் சாகும். பிடுங்கிப் பார்த்தா பூச்சி இருக்காது, அது அடுத்த செடிக்குப் போயிருக்கும். ஹங்கேரி ராஜ்ஜியத்தில் 1875இல் பஞ்சோவா என்கிற ஊரில் முதல்ல கண்டுபிடிச்சாங்க. இன்றைக்கு அது செர்பியாவில் இருக்கு. அங்கிருந்து இருபது வருஷத்தில் மலைச்சரிவெல்லாம் காலி. நாட்டில் இருந்த திராட்சையில் பாதிக்கு மேல் அழிஞ்சது. டோக்காயும் தப்பலை.

என்னென்னமோ செஞ்சு பார்த்தாங்க. கார்பன் டை சல்பைடு என்கிற மருந்தை ஊசி மாதிரி ஒரு கருவியால் மண்ணுக்குள்ள இறக்கினாங்க. விஷம், தீப்பிடிக்கும், விலையும் அதிகம். அமெரிக்கக் கொடியை அடிச்செடியா வைத்து மேலே நம்ம கொடியை ஒட்டுக் கட்டுறதுதான் கடைசியில் உலகம் முழுக்க நின்ற வழி. ஆனா ஒட்டுச்செடிக்குக் காசு வேணும், கட்டுறதுக்கு ஆள் பழகணும், எந்த மண்ணுக்கு எந்த அடிச்செடி என்று தெரியணும். கையில் இருந்த கொடி செத்து, வருமானமே இல்லாதவன் எங்கே போவான்?

அப்பத்தான் மணல் பக்கம் பார்வை திரும்பிச்சு. சமவெளி மணலில் நின்ற பழைய கொடிகளுக்கு ஒன்றுமே ஆகலை. பிரான்சிலும் தெற்கே கடலோர மணலில் இதே மாதிரி கொடி தப்பிச்சதைப் பார்த்திருந்தாங்க.

காரணம் ரொம்ப எளிசு, ஒரு விவசாயிக்குக் கேட்டதும் புரியும். களிமண் கோடையில் பாளம் பாளமா வெடிக்குது இல்லையா, அந்த வெடிப்புதான் பூச்சிக்குச் சாலை. ஒரு வேரிலிருந்து இன்னொரு வேருக்கு அது வழியாத்தான் நடக்கும். மணல் வெடிக்காது. பூச்சி ஒரு அடி எடுத்து வைத்தா மணல் சரிஞ்சு வழியை மூடிடும். நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் படிகக்கல் மணல் இருந்தா அந்த மண்ணில் பூச்சி வாழாது என்று கணக்குப் போட்டாங்க. அதுக்கு ‘நோய் தொடாத மணல்’ என்று சட்டத்திலேயே பேர் வந்தது. எது பிடிக்காம கைவிட்டாங்களோ, அந்த ஒட்டாத, நிற்காத, சரியுற குணம்தான் அங்கே காவல். ஒட்டுக்கட்ட வேண்டாம். குச்சியை வெட்டி ஊன்றினா போதும், தன் வேரிலேயே வளரும்.

1883இல் அரசாங்கம் கெச்கெமேட் பக்கத்தில் மணலில் ஒரு சோதனைத் தோட்டம் போட்டது. மிக்லோஷ்தெலெப் என்று பேர். எந்த ரகம் மணலில் நிற்கும் என்று பார்க்கவும், குச்சி வளர்த்துக் கொடுக்கவும். அதுக்குப் பின்னால் ஊர்களுக்குச் சொந்தமான மேய்ச்சல் மணலைத் துண்டு போட்டு விற்க ஆரம்பிச்சாங்க. வாங்கினவன் பெரிய ஆள் மட்டும் இல்லை. வேற எங்கேயும் ஒரு காணி வாங்க முடியாத கூலிக்காரனுக்கு அந்த மணல் கைக்கு எட்டுச்சு. கெச்கெமேட்டுக்குப் பக்கத்தில் ஹெல்வேசியா என்று ஒரு ஊர் இருக்கு. சுவிட்சர்லாந்துக்கு லத்தீனில் அந்தப் பேர். சுவிட்சர்லாந்து வழிவந்த வேபர் எதெ என்கிற ஆசிரியர் 1892இல் வெறும் மணலில் திராட்சை போட்டு உண்டாக்கின ஊர் அது.

உழைப்பைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கொடி ஊன்றுறதுக்கு முன்னாடி, குளிர்காலத்தில், மணலை முழங்காலுக்கு மேல் ஆழத்துக்கு மண்வெட்டியால் புரட்டணும். மேல் மண் கீழே, கீழ் மண் மேலே. டிராக்டர் இல்லாத காலம், எல்லாம் தினக்கூலி ஆள். புரட்டி முடிச்சா காத்தில் பறக்கும். இளம் தளிர் மேல் மணல் அடிச்சா அரம் போட்ட மாதிரி அறுத்துடும். அதுக்காக வரிசைக்கு நடுவில் ரை என்கிற தானியத்தை விதைச்சு அதை வேலியா நிறுத்துவாங்க. மணலில் சத்து கிடையாது, வண்டி வண்டியா எரு அடிக்கணும். ஆடிக்காத்தில் முருங்கைக் கன்றுக்கு ஓலை மறைப்பு கட்டுற எனக்கு அந்த ரை வேலியைப் படிச்சதும் கை பரபரத்துச்சு.

இப்படி ஒரு தலைமுறையில் நாட்டின் திராட்சை மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வந்தது. முதல் உலகப்போருக்குப் பின்னால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூணில் ரெண்டு பங்கை இழந்தது. மிச்ச நாட்டில் இருந்த திராட்சையில் கிட்டத்தட்ட பாதி மணலில்தான் நின்றது. இன்றைக்கும் அந்த நாட்டின் ஒயின் பகுதிகளில் பெரியது குன்ஷாக்தான். ஏறக்குறைய 20,000 ஹெக்டேர், நம்ம கணக்கில் 50,000 ஏக்கர்.

மணலுக்கு வந்தவர்களில் ஒருத்தரைப் பற்றித் தனியாச் சொல்லணும். மத்தியாஸ் யானோஷ், 1838இல் பிறந்தவர். வடக்கே மலைப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்து, மகரந்தம் மாற்றிப் புது ரகம் உண்டாக்குறதிலேயே கிடந்தவர். பூச்சி அவர் தோட்டத்தையும் தின்றது. 52 வயசில், 1890இல், தப்பித்ததை எடுத்துக்கிட்டுக் கெச்கெமேட் மணலுக்கு வந்து திரும்ப ஆரம்பிச்சார். என் வயசுக்காரர் ஒருத்தர் எல்லாத்தையும் விட்டுட்டு வேற ஊர் மணலில் முதல் குச்சி ஊன்றுறதை நினைச்சா எனக்கே மலைப்பா இருக்கு. 1921இல் சாகும் வரைக்கும் அங்கேதான். ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்துக் கழிச்சுக் கழிச்சுப் பார்த்தார். அதில் தேறின ஒன்றுக்கு ‘திராட்சைத் தோட்டங்களின் ராணி’ என்று பொருள் வர்ற பேர் வைத்தார். 1916இல் வந்தது. ஒயினுக்கு இல்லை, சாப்பிடுற பழம். பெரிய மணி, மஸ்கட் வாசனை.

அந்த ராணிக்கும் நம்ம நாட்டுக்கும் ஒரு உறவு இருக்கு. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓல்மோ என்கிற விஞ்ஞானி இந்த ராணியைத் தாயா வைத்து, விதையில்லாத ஒரு திராட்சையோடு சேர்த்து ஒரு ரகம் எடுத்தார். 1946இல் வெளியிட்டார். பேர் பெர்லெட். பஞ்சாப், ஹரியானாவில் பல வருஷமா முக்கியத் திராட்சையே அந்தப் பெர்லெட்தான். மழை வர்றதுக்குள்ள ஜூனில் பழுத்துடும், அதனால அந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டாங்க. பூச்சிக்குப் பயந்து மணலுக்கு ஓடிவந்த ஒரு பெரியவர் வளர்த்த கொடியின் மகள், பஞ்சாப் பந்தலில் தொங்குது. டெல்லிப் பக்கம் இருக்கிறவங்க பச்சைத் திராட்சை வாங்கும்போது இதை நினைச்சுக்கங்க.

மணலில் கொடி வளர்க்கிற பழைய முறைக்குப் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. கொடியைத் தரையோடு தரையா, ஒரு முழ உயரத்தில் மொட்டைத் தலை மாதிரி கவாத்து பண்ணி வைப்பாங்க. அடுத்த வருஷத் தளிர் அதிலிருந்து கிளம்பும். ஏன் இவ்வளவு குட்டை? பனிக்காலத்தில் புதைக்கணுமே. இலை உதிர்ந்ததும் ஒவ்வொரு செடித் தலை மேலும் மண்வெட்டியால் மண் ஏற்றி மூடுவாங்க. பனி போனதும் ஒவ்வொன்றாத் திறப்பாங்க. மீட்டருக்கு ஒரு செடி என்றால் ஏக்கருக்கு 4000 செடி. 4000 தடவை மூடி, 4000 தடவை திறக்கணும். நடுவில் குனிஞ்சே கவாத்து, குனிஞ்சே களை, குனிஞ்சே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. நிமிர்ந்து நின்று செய்யுற வேலையே இல்லை.

இந்த வேலைக்குள்ளேதான் அவங்க சாங்கியம் எல்லாம் வருது. ஜனவரி 22 வின்செ என்கிற புனிதர் நாள், திராட்சைக்காரங்களுக்குக் காவல். அன்னைக்குத் தோட்டத்துக்குப் போய் நாலு குச்சி வெட்டிவந்து, வீட்டுக்குள்ள சூடான இடத்தில் தண்ணியில் நிறுத்தி வைப்பாங்க. சில வாரத்தில் மொட்டு விடும். எத்தனை மொட்டு, எவ்வளவு வலுவா வருது என்று பார்த்து அந்த வருஷ விளைச்சலைச் சொல்வாங்க. இதை மூடநம்பிக்கைன்னு தள்ளிடாதீங்க. பனியில் மொட்டு செத்திருக்கா, உயிரோட இருக்கா என்று கவாத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிற சோதனை இது. நம்ம முளைப்பாரி மாதிரி. அன்னைக்கு வெயில் அடிச்சா நிலவறை நிறையும் என்றும் ஒரு சொல் உண்டு. அதுக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

மே 12, 13, 14 மூணு நாளும் பயம். பொங்க்ராட்ஸ், செர்வாட்ஸ், பொனிஃபாட்ஸ் என்று மூணு பனிப் புனிதர்கள். தளிர் விட்ட பின்னால் கடைசி உறைபனி அப்பத்தான் வந்து கருக்கிட்டுப் போகும். ராத்திரி ஈரச் சருகைக் கொளுத்தித் தோட்டம் முழுக்கப் புகை போடுவாங்க. மே 25 ஓர்பான் புனிதர் நாள். அவருக்குத் தோட்டத்தில் சிலை இருக்கும். வானம் நல்லா இருந்தா சிலைக்கு ஒயின் ஊற்றி மரியாதை பண்ணுவாங்க. பனி கருக்கிட்டா சேற்றால் அடிச்ச ஊர்களும் உண்டாம். மழை வரலைன்னா சாமியையே கோவிச்சுக்கிற நமக்கு அது ஒன்றும் புதுசு இல்லை.

பழம் இனிக்க ஆரம்பிச்சா பறவை. ஸ்டார்லிங் என்று நம்ம மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை, கூட்டமா வந்து இறங்கும். அதை விரட்டக் காவல்காரன், கையில் கடகடன்னு சத்தம் போடுற மரக் கருவி. அறுப்பு முடிஞ்சா ஊர்வலம், ராத்திரி ஆட்டம். மண்டபத்துக் கூரையில் திராட்சைக் குலையைக் கட்டித் தொங்க விடுவாங்க. ஆடுற சாக்கில் ஒன்றைப் பறிக்கணும். காவல்காரன் வேஷம் போட்டவன் பிடிச்சா அபராதம்.

மலைக்காரங்க மாதிரி மணலில் ஆழமா நிலவறை தோண்ட முடியாது, சரிஞ்சுடும், கீழே தண்ணியும் இருந்தது. பாதி தரைக்குள்ள, பாதி மேலே மண் அணைச்சு கட்டுவாங்க. மேற்கே கொஞ்சம் தள்ளி ஹயோஷ் என்கிற ஊரில் வண்டல் மண். 18ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறின ஜெர்மன்காரங்க அங்கே ஆயிரத்துக்கு மேல் நிலவறை வீடுகள் கட்டி, தெருத் தெருவா ஒரு ஊரே வைத்திருக்காங்க. யாரும் குடியிருக்கிறது இல்லை. ஒயினுக்கு மட்டும் ஒரு ஊர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னால் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 1945இல் நிலம் பிரிச்சுக் கொடுத்தாங்க, சரி. நாலு வருஷத்தில் அதைத் திரும்பக் கேட்டாங்க. இவ்வளவு தானியம், இவ்வளவு இறைச்சி, இவ்வளவு ஒயின் கட்டாயம் அளக்கணும் என்று உத்தரவு. கொடுக்க முடியாதவன் வீட்டுப் பரணைத் துடைச்சு எடுத்துட்டுப் போனாங்க. கொஞ்சம் வசதியானவனுக்கு ‘குலாக்’ என்று முத்திரை. 1956 புரட்சியின்போது அந்தக் கட்டாய அளவை எடுத்தாங்க. புரட்சி நசுங்கினாலும் அது திரும்ப வரலை. ஆனா 1959இலிருந்து 1961க்குள்ள நாடு முழுக்க எல்லா நிலத்தையும் கூட்டுப்பண்ணையில் சேர்த்தாங்க.

மணல் பகுதியில் மட்டும் அது முழுசா நடக்கலை. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

கோதுமை வயலை ஒன்றாச் சேர்த்து டிராக்டர் விட்டு ஓட்டலாம். 4000 தலையை மூடித் திறக்கிற திராட்சையை எப்படி ஓட்டுறது? மணலில் ஜனங்கள் ஊராக் கூடி வாழலை. ‘தன்யா’ என்று சொல்ற ஒற்றை வீடுகள், தோட்டத்துக்கு நடுவிலேயே வீடு, பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில்கூட இருக்காது. சொந்தக்காரன் கை எடுத்தா ரெண்டு வருஷத்தில் கொடியும் போகும், மணலும் கிளம்பும் என்று மேலே இருந்தவங்களுக்கும் தெரிஞ்சது. அதனால அந்த பாச்-கிஷ்குன் மாவட்டத்தில் வேற மாதிரி ஒரு சங்கம் வைத்தாங்க. தனித்தொழில் கூட்டுறவு என்று சொல்லலாம். பொதுவா மிஷின், பொதுவா கொஞ்சம் நிலம், விற்பனையும் சங்கம் வழியா. ஆனா திராட்சையும் பழத்தோட்டமும் அவனவன் கையில். இருபது முப்பது வருஷம் இந்த ஏற்பாடு ஓடிச்சு. கிஷ்கோரோஷ், ஷோல்ட்வட்கெர்ட் பக்கம் எல்லாம் அந்தக் காலத்தில் நல்ல வீடுகள் எழும்பிச்சு, சங்கத்துக் காசில் இல்லை, சொந்தத் தோட்டத்துக் காசில். கையால் மட்டுமே செய்ய முடிகிற வேலை, செய்கிறவன் கையிலேயே நிலத்தையும் நிறுத்தி வைத்தது.

பக்கத்திலேயே அரசுப் பண்ணைகளும் இருந்தது. அங்கே ஆஸ்திரியாக்காரர் லென்ஸ் மோசர் சொன்ன முறையில் அகல வரிசை, உயரக் கம்பி, டிராக்டர் போகிற மாதிரி. மெதுவா எல்லாரும் அதுக்கு மாறினாங்க. முதுகுக்கு நல்லது, மறுக்கலை. ஆனா உயரத்தில் நிற்கிற கொடியைப் புதைக்க முடியாது. பனி தாங்காத, சீக்கிரம் அழுகுற கடார்க்கா அதோட போச்சு. ஒரு காலத்தில் சமவெளியை மூடியிருந்த ரகம் இன்றைக்கு நாடு முழுக்கச் சேர்த்தாலும் சில நூறு ஹெக்டேர்தான். அதுக்குப் பதிலா பனியும் நோயும் தாங்குற பியான்கா, செர்செகி ஃபூசெரெஷ் மாதிரிப் புது ரகங்கள். செர்செகியின் ஒரு பெற்றோரும் கெச்கெமேட் மணலில் 1930இல் கோச்சிஷ் பால் உண்டாக்கின ரகம்தான்.

விளைஞ்ச ஒயின் லாரி லாரியா, ரயில் ரயிலா சோவியத் நாட்டுக்குப் போச்சு. தரம் கேட்கலை, அளவு கேட்டாங்க. 1985இல் கோர்பசேவ் குடிக்கு எதிரா இறங்கினார், வாங்குறது குறைஞ்சது. 1991இல் வாங்குற நாடே இல்லாமப் போச்சு. ஒரே வியாபாரியை நம்பி விளைவிச்சவன் கதி என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தாங்க. ஒயின் மிஞ்சிப் போச்சு என்று 2008இலிருந்து மூணு பருவத்துக்கு ஒன்றியம் கொடியைப் பிடுங்கினா காசு என்று அறிவிச்சது. பிள்ளைகள் நகரத்துக்குப் போன, வயசான ஆட்கள் வாங்கிக்கிட்டாங்க. தாத்தா முழங்கால் ஆழம் புரட்டி ஊன்றினதை, பேரன் மிஷின் வைத்துப் பிடுங்கி ரசீது வாங்கினான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அந்த விலைக்குப் பழம் விற்றிருந்தா தெரியும்.

மிச்சம் இருக்கிறவங்களுக்கு இப்பத் தொல்லை பூச்சி இல்லை, தண்ணி. அந்த மணல் மேட்டில் 1970களிலிருந்து நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக்கிட்டே வருது, சில இடத்தில் பல மீட்டர். பழைய காலத்தில் பள்ளத்தில் தண்ணி நிற்குதுன்னு சொல்லி வாய்க்கால் வெட்டி ஆற்றுக்கு அனுப்பினாங்க. அது இன்னும் அனுப்பிக்கிட்டே இருக்கு. மேலே ஆழ்குழாய்க் கிணறு. மழையும் முன்ன மாதிரி இல்லை. 2022இல் பெரிய வறட்சி. வண்டி ஓட்டிப் போன சின்ன ஏரிகளில் உப்புப் பூத்துக் கிடக்குன்னு மருமகன் சொல்றான்.

கிஷ்குன்மாய்ஷா பக்கத்தில் சில விவசாயிகள் ‘தண்ணிக் காவல்காரங்க’ என்று சேர்ந்திருக்காங்க. அந்த ஊரில் பூமிக்கடியிலிருந்து வெந்நீர் எடுத்து நடத்துற குளியல் நிலையம் ஒன்று உண்டு. குளிச்சு முடிச்ச தண்ணி இத்தனை வருஷமா வாய்க்காலில் ஓடி வீணாப் போச்சு. இவங்க போய்ப் பேசி, அதிகாரிகளிடம் நடையா நடந்து, அந்தத் தண்ணியை ஆற வைத்து ஒரு தாழ்வான நிலத்தில் திருப்பி விட்டாங்க. நம்ம கணக்கில் ஆறு ஏக்கர் சொச்சம். 2025 கோடையில் பார்த்தவங்க எழுதியிருக்காங்க: பள்ளத்தில் தண்ணி நிற்குது, சுற்றிப் பச்சை தெரியுது, பறவை வந்திருக்கு. பக்கத்துக் கிணற்றில் மட்டம் ஏறுதா என்று அளந்துக்கிட்டு இருக்காங்களாம்.